வலது கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். அவர் கழுவுகிற கால்களைப் போலச் சுத்தமான கால்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் அதற்கு முன்பே பார்லருக்குப் போய்க் குதிகால் வெடிப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு வருவார். நகைக்கடைக்காரர் வாசல் வரை காரில் வந்து, பீடத்துப் படி வரை கம்பளத்தில் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வலது கால் உறையை உரிப்பார், வாழைப்பழத்தை உரிப்பது மாதிரி. லாரி ஆபீஸ்காரர் பவுடர் பூசிக்கொண்டு வருவார். சாமியார் தண்ணீர் ஊற்றியதும் பவுடர் கரைந்து தாம்பாளத்தில் பாலாக ஓடும். அதைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தாழ்மையின் அடையாளமாம். அழுக்கே இல்லாத காலைக் கழுவுவதில் என்ன தாழ்மை என்று அக்காவிடம் கேட்டேன். கோயில் துண்டுகளை அவள் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"வாய மூடிட்டு வேலையப் பாரு. துண்டுல எச்சி தெறிக்கப்போகுது" என்றாள்.

நானும் அக்காவும் துணி தேய்க்கிறவர்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு இஸ்திரிப்பெட்டி, நடுவில் அடுக்கடுக்காக ஊரார் துணி. மத்தியானத்தில் துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை சூடு. அத்தானுக்கோ இதற்கு நேர்மாறான வேலை. ஐஸ் ஃபாக்டரியில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பலகையில் நின்று, உறைந்த டின்களைத் தூக்கி, கவிழ்த்து, வழுக்கி வருகிற பாளத்தைக் கொக்கியால் இழுத்து வண்டியில் ஏற்றுவது. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ். பூட்ஸுக்குள் எப்போதும் தண்ணீர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு அம்மோனியா வாடை கூடவே வரும். வந்ததும் எங்கள் மேசைக்குக் கீழே, சூடு இறங்குகிற இடத்தில், காலை நீட்டிப் படுத்துவிடுவார். "பெட்டிய எடுத்து என் முதுகுல ரெண்டு இழு இழுத்துவிடு சின்னவளே" என்று என்னிடம் கெஞ்சுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரே பாதிப் பிள்ளை.

நாற்காலி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாற்காலிக்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பெயர். எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இராயப்பர் நாற்காலி ஹெட்மாஸ்டருக்கு. அருளப்பர் நாற்காலி நகைக்கடைக்காரருக்கு. அவர் அப்பா இருந்த இடம், பத்திரம் பதியாத குறைதான். இப்படி வரிசையாகப் போய், தூணுக்குப் பக்கத்தில், பாதி மறைவாக இருக்கிற கடைசி நாற்காலி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. அதில் ஒரு காண்டிராக்டரை உட்காரச் சொன்னபோது, அவர் வந்து பார்த்துவிட்டு எங்கள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம். அதிலிருந்து, கோயில் காரியங்களைப் பார்க்கிற பேரவை ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. கடைசி நாற்காலி உழைக்கும் மக்களுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள். முதலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்தார், பிறகு ஒரு பெயிண்டர். பெயிண்டர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் இடம் காலி.

பேரவைச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிரில் ஒருத்தர்தான் இருந்தாலும் மைக் முன்னால் நிற்பதுபோலப் பேசுகிற மனிதர்.

"ஐஸ்காரரே, ஒரு சந்தோஷமான சமாச்சாரம். இந்த வருஷம் அந்தப் பன்னெண்டு பேர்ல உங்களையும் ஒருத்தரா பேரவை தேர்ந்தெடுத்திருக்கு."

அத்தான் மேசைக்குக் கீழே படுத்திருந்தவர். எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

"என்னையா?"

"உங்களைத்தான். உழைப்பாளிகளோட பிரதிநிதி."

"கடைசி நாற்காலிக்கா?" என்றேன் நான்.

செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. "ஆண்டவர் சமுகத்துல முதல் என்ன, கடைசி என்ன" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "அப்புறம், வலது காலை மட்டும்தான் கழுவறது. நகம் வெட்டிட்டு, நல்லா தேச்சுக் கழுவிட்டு வந்துடுங்க. சாமி முத்தம் செய்யணும் பாருங்க."

அவர் போன பிறகு அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃபாக்டரியில் சொல்லி, டீக்கடையில் சொல்லி, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாளவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் காலுறையைக் கழற்றியபோது அது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வலது கால்.

ஐஸ் இழுக்கிற கொக்கி காலில் விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை உடம்பு, பத்தாததற்கு நாள் முழுக்க ஐஸில் மரத்துப்போகிற கால். வலித்தால்தானே தெரியும்? விரல் ஓரத்தில் சின்னப் புண், சுற்றிலும் கன்றிப்போன நிறம். அக்கா தாம்பாளத்தில் வெந்நீர் எடுத்து உப்புப் போட்டுத் தரையில் உட்கார்ந்து கழுவினாள். மறுநாளும் கழுவினாள். அதற்கடுத்த நாள் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தபோது விரல் கறுத்திருந்தது. இரண்டாம் முறை போனபோது டாக்டர் மருந்துச் சீட்டை எடுக்கவேயில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே. இப்ப போனா ஒரு விரலோட முடிஞ்சிடும். தள்ளிப் போட்டீங்கன்னா எங்க நிக்கும்னு நான் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பையை எடுத்தாள். அத்தான் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"சோத்த வை" என்றார்.

"சோறு அங்க போய்த் தின்னுக்கலாம். கிளம்புங்க."

"வியாழக்கிழமை முடியட்டும்."

"என்னது?"

"வியாழக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா அங்க போயிடறேன். எத்தனை விரலை வேணா எடுத்துக்கட்டும். இன்னும் ஒரு வாரந்தானே."

"டாக்டரு இன்னைக்கேன்னு சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இன்னைக்குப் போனா வெட்டிக் கட்டுப் போட்டுடுவாங்க. கட்டுப் போட்ட காலை எப்படிடி நீட்டறது? சாமி கட்டு மேல தண்ணி ஊத்துவாரா?"

"ஊத்தாட்டிப் போகட்டும். ஊத்தி என்ன ஆகப்போகுது?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஆகும்." அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தக் கோயிலுக்குப் போறேன். பின்னாடி, செருப்பு கழட்டி வெக்கிற இடத்துல நின்னுட்டு வரேன். என்னைக்காவது ஒருத்தன் வாய்யா, இங்க உக்காருய்யான்னு சொல்லியிருப்பானா? ஐஸு வேணும்னா மட்டும் பேசுவான். இப்பத்தான் கூப்பிட்டிருக்கான்."

"எதுல உக்காரக் கூப்பிட்டிருக்கான்னு தெரியுமா அத்தான்?" என்றேன். "யூதாஸ் நாற்காலி அது. ஒருத்தனும் உக்காராம, கடைசில உங்க தலையில கட்டியிருக்காங்க."

"தெரியும் சின்னவளே. நான் என்ன பச்சப்புள்ளையா? யூதாசுக்கும்தானே ஆண்டவர் கழுவினாரு? கழுவினாரா இல்லையா?"

அக்காதான் பதில் சொன்னாள்.

"கழுவினாரு. அவன் காலு அழுகலை."

அத்தான் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "ஒரு விரலோட போறதை ஏன் இழுத்து வெச்சுக்கறீங்க? எனக்கு நீங்க முழுசா வேணும். என் வேண்டுதல் அவ்வளவுதான்" என்றாள். அவர் அசையவில்லை. முட்டாள். அந்த வாரம் முழுவதும் அவரை நான் மனசுக்குள் வேறு வார்த்தையால் கூப்பிடவில்லை.

சாமியார் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று நினைத்து மறுநாள் நான் கோயிலுக்குப் போனேன். சின்ன வயசுச் சாமியார். மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடற்குழுவிடம் பாட்டுகளைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளரும் பக்கத்தில். நான் முழுவதையும் சொன்னேன்.

"அடடா" என்றார் சாமியார். "உடம்புதானேம்மா முக்கியம். இதெல்லாம் ஒரு அடையாளம். அவர்கிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க."

"நாங்க சொல்லிக் கேக்கலை சாமி. நீங்க சொல்லணும். இல்லாட்டி இடது காலைக் கழுவறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு. வியாழக்கிழமை எப்படியாவது கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிடறோம், இடது காலை நீட்டுவாரு. அடையாளம்தானே, எந்தக் காலா இருந்தா என்ன?"

சாமியார் செயலாளரைப் பார்த்தார். இந்தப் பார்வையை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அது சரிப்படாதும்மா" என்றார் செயலாளர். "பதினோரு பேரு வலது காலை நீட்டும்போது ஒருத்தரு இடதை நீட்டினா வரிசையே கெட்டுப்போகும். வீடியோவுல பார்க்க நல்லாவா இருக்கும்? அதோட, இதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் இருக்கு. தீர்ப்பு நாள்ல செம்மறி ஆடெல்லாம் வலது பக்கம், வெள்ளாடெல்லாம் இடது பக்கம். சும்மா வெச்சிருக்காங்களா?"

"அப்ப அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"நோட்டீஸ் அச்சடிச்சாச்சே."

அந்த நோட்டீஸைக் காட்டவும் செய்தார். பதினோரு பெயர்கள், பட்டங்களோடும் பதவிகளோடும். கடைசியில் அத்தான் பெயர்கூட இல்லை. 'மற்றும் ஒரு தொழிலாளி' என்று இருந்தது. நான் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் தானே வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சாமியார் சொன்னார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நல்லவர்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அளவுக்கு நல்லவர்.

அந்த வாரம் வெயில் ஆளை வாட்டியது. இரண்டு மேசைச் சூட்டில் வீடு கொதித்தது. அத்தான் வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தார். அக்கா துணி தேய்ப்பதும், எழுந்துபோய்த் தாம்பாளத்தில் தண்ணீர் மாற்றுவதுமாக இருந்தாள். கஞ்சி வைத்தால் அவர் பாதிதான் குடித்தார். கறுப்பு, விரலிலிருந்து பாதத்துக்கு வந்துவிட்டது. வாடை அறையை நிறைத்தது. துணி கொடுக்க வந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி ஏதாவது செத்துக் கிடக்குதா பாரு" என்றாள். அக்கா "ஆமாம்மா, தேடிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் பஞ்சால் துடைத்து, ஊதி ஊதிக் காயவைப்பாள். முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பாடற்குழுவும் பாடவில்லை, ஒருத்தரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கோயில் துண்டுகள் பன்னிரண்டும் தேய்த்து மடித்துப் பக்கத்து மேசையில் அடுக்கி இருந்தன.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனாலும் குளித்தார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். கட்டை அவிழ்த்து வெள்ளைக் காலுறை மாட்டச் சொன்னார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கழுவி முடிந்ததும், பூசை முடியக் காத்திருக்காமல், பக்கவாசல் வழியாக ஆட்டோவுக்கு வந்துவிட வேண்டும். அவர் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாசலை ஒட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். கேமராக்காரன் முன்னால் ஓடினான். செயலாளர் ஜாடியைப் பிடிக்க, வரிசை தொடங்கியது. தண்ணீர், துடைப்பு, முத்தம். தண்ணீர், துடைப்பு, முத்தம். ஹெட்மாஸ்டர் முகத்தில் வேதசாட்சியின் பாவனை. நகைக்கடைக்காரர் காலை நீட்டும்போது கேமரா எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பவுடர் கரைந்து ஓடியது.

தூணருகில் அத்தான் குனிந்து காலுறையை இழுத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். வாடை எங்கள் வரிசை வரை வந்தது. பக்கத்து நாற்காலி லாரி ஆபீஸ்காரர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நாற்காலியோடு நகர்ந்தார். நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்ட சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

சாமியார் முட்டி போட்டார். பார்த்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு கணம் அவர் அத்தானின் முகத்தைப் பார்த்திருந்தால்கூடப் போதும். அவர் பார்த்தது செயலாளரை. பிறகு ஜாடியை வாங்கி, எட்டத்தில் பிடித்து, மெல்லிய கோடாகத் தண்ணீரை விட்டார். பெரும்பகுதி தாம்பாளத்தில் விழுந்தது. துண்டை விரிக்காமலே அத்தானின் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். முத்தம் இல்லை.

அத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த துண்டில் அக்கா போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துக்கொள்ளவில்லை, அழுக்காகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தூணைப் பிடித்தபடி சரிந்தார். அக்கா பையோடு ஓடினாள். நானும் அவளும் இரண்டு பக்கமும் தாங்கி இழுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினோம். உள்ளே அடுத்த பாட்டைச் சரியான நேரத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் விரல், இப்போது உயிர் தப்பியதே பெரிது என்று பெரிய டாக்டர் எங்களைப் பிடித்து ஒரு பாட்டம் கத்தினார். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். கத்தட்டும், நியாயமான கத்தல். சற்று நேரம் கழித்து ஒரு பணியாள் வந்து, "காலை நாங்களே எரிச்சிடவா, நீங்க வாங்கிக்கறீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"குடுங்க" என்றாள் அக்கா.

நான் அவள் கையைப் பிடித்தேன். "எதுக்குக்கா?"

"கல்லறையில வெக்கணும். கடைசி நாள்ல எல்லாரும் எழுந்திரிக்கும்போது இவரு பாதிக் காலோட நொண்டிக்கிட்டு, மீதி எங்கேன்னு தேடிட்டு நிக்கணுமா? உடம்பு உயிர்க்கும்னு தானே ஞாயித்துக்கிழமை தோறும் சொல்றோம்? சும்மாவா சொல்றோம்?"

நான் அதைச் சும்மாதான் சொல்லிவந்தேன். அவள் சும்மா சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஃபாக்டரிக்குச் சொல்லி அனுப்பினோம். அத்தானோடு வேலை செய்கிறவர்கள் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், அந்தப் பொட்டலத்தைத் தாங்களே உள்ளே வைத்து மூடிக் கொடுத்தார்கள்.

அன்று பெரிய வெள்ளி. கோயிலில் கூட்டம் நெரிந்தது. இறந்த ஆண்டவரின் மரச்சொரூபத்தைப் பீடத்தின் முன் கிடத்தி இருந்தார்கள். ஜனங்கள் வரிசையாக வந்து அதன் பாதங்களை முத்தம் செய்தார்கள். வர்ணம் பூசிய பாதங்கள், சிவப்பு மையில் ஆணிக் காயம். சிலர் அதில் முகத்தை வைத்துக் கதறினார்கள். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் சாமியார் துண்டால் துடைத்தார். நாங்கள் தேய்த்துக் கொடுத்த துண்டு. மரத்துக்குச் சீழ் வைப்பதில்லை, நாறுவதில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் காதலிக்கலாம்.

நாங்கள் பெட்டியோடு சாமியாரின் உடுப்பு அறையில் காத்திருந்தோம். சொல்லி அனுப்பியதும் சாமியாரும் செயலாளரும் வரிசையை விட்டு வந்தார்கள். பெட்டியைக் கண்டதும் செயலாளர், "மீன் கொண்டு வந்தீங்களா?" என்றார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"கல்லறையிலயா? அதெல்லாம் வழக்கமே கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு குழி, அதுதான் சட்டம். இன்னைக்குக் காலு, நாளைக்கு ஒருத்தரு பல்லு, இன்னொருத்தரு நகம்னு எடுத்துட்டு வந்தா எங்க போறது?"

"சாமி, நீங்க சொல்லுங்க" என்றாள் அக்கா.

சாமியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே தெரியலைம்மா. இதுக்குன்னு ஒரு செபம் இருக்கான்னு பார்க்கணும். ஆயர் இல்லத்துல கேக்கணும், ஈஸ்டர் முடிஞ்சாத்தான் ஆள் இருப்பாங்க. ஆன்மா அவர்கிட்டத்தானே இருக்கு. இது வெறும் காலுதானே."

"வெறும் காலா?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப நேத்து நீங்க கழுவினது எதை சாமி?"

சாமியாரின் முகம் வெளுத்துப்போனது. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மனிதர் செயலாளரைப் பாராமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான். ஆணியில் தொங்கிய கல்லறைச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கப் போனார்.

"வேணாம் சாமி" என்றாள் அக்கா. "உங்களுக்கு வேலை இருக்கு. வரிசை நிக்குது."

"பவனி முடிஞ்சதும் நானே வந்து மந்திரிச்சு..."

"ஐஸு தாங்காது."

அவளே தூக்கிக்கொண்டாள். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. கல்லறையில் ஆள் இல்லை. குழி வெட்டுகிறவர் சொரூபம் தூக்கப் போயிருந்தார். கொட்டகையில் மண்வெட்டி இருந்தது. மதில் ஓரத்தில், வேப்பங்கன்று நிழலில் இடம் பார்த்தோம். வெயிலில் மண் கல்லாக இருந்தது. நான் வெட்டினேன், கை கொப்புளித்ததும் அவள் வாங்கி வெட்டினாள். இஸ்திரிப்பெட்டி பிடித்த கைகள், ஒரு முழக் குழிக்கு மூச்சு முட்டியது. பொட்டலத்தை இறக்கும்போது அவள் துணியை லேசாக விலக்கி, விரலைத் தடவிப் பார்த்தாள். "நகம் வெட்டாம விட்டுட்டேன்" என்றாள். தெரிந்த செபத்தை முணுமுணுத்தாள். எனக்கும் வேறு தெரியாததால் நானும் அதையே சொன்னேன். தூரத்தில் ஒலிபெருக்கியில் ஹெட்மாஸ்டர் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார், தொண்டை கம்ம.

மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். சாயங்காலம் அத்தானுக்கு நினைவு தெளிந்தது. போர்வை ஒரு பக்கம் படிந்து கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். அவர் அழவில்லை.

"எங்க வெச்சீங்க?" என்றார்.

"கல்லறையில. மதில் ஓரமா, நிழல்ல."

"கோயில் கல்லறையிலயா? விட்டாங்களா?"

"ஏன் விடாம? சாமியே சாவி எடுத்துக் குடுத்தாரு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் போயும் இந்த மனிதருக்குப் புத்தி வரவில்லையே என்று நினைத்தேன். அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டார்.

"யாராரு வந்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு நாயும் வரவில்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"பதினோரு பேரும் வந்தாங்க."

"பதினோரு பேருமா? ஹெட்மாஸ்டரு?"

"அவருதான் முதல்ல மண்ணு போட்டாரு."

"நகைக்கடைக்காரரு?"

"செருப்பைக் கழட்டி வெச்சிட்டு வந்தாரு."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல மனுசங்க" என்றார். தூங்கிப்போனார். அக்கா எழுந்து அவருடைய இடது கால் காலுறையை மெதுவாகக் கழற்றி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தாள்.